குருதிப் புற்றும் குடும்ப வருவாயும்

நோய்களுள் சிலவற்றை ஏழைகளின் நோய் என்றும், சிலவற்றைச் செல்வரின் நோய் என்றும் பிரித்துப் பேசுவது உலக வழக்கு. இவ்விரு வரிசையிலும் சேராது, அரசன் என்றும் ஆண்டி என்றும் பாராது எவரையும் பற்றிக்கொள்வது என்று குருதிப் புற்றுநோயைக் குறிப்பிடுவோர் பலர். புகைத்ததனால் வந்தது, குடித்ததனால் வந்தது என்று நோயாளியின்மீது பழி சுமத்தவும் இங்கு பெரும்பாலும் இடமில்லை. மூன்று வயதுப் பிள்ளை என்ன தீயொழுக்கம் செய்திருத்தல் கூடும்? ஆகவே ‘விதி’ என்னும் ஒரு சொல்லோடு பேச்சு முடிந்துவிடுகின்றது.

நமது கதாசிரியர்களும் திரைப்படத்துக்குக் கதை எழுதுவோரும் இந்நோயின்பாற் கொண்டுள்ள பற்றுக்கும் இதுவே காரணம் போலும். தொழுநோயைப் போல இஃது உருவத்தைக் குலைப்பதில்லை; கயரோகத்தைப் போலக் குடிசையை நினைவூட்டுவதில்லை; வாசகர் மனத்தில் அருவருப்பையோ குற்றவுணர்வையோ எழுப்புவதுமில்லை. மூக்கிலிருந்து ஒரு துளி குருதி, ஒரு மயக்கம், கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும் வைத்தியர் - கதை நிறைவெய்திவிடும். இது நம்மவர்க்கு மட்டும் உரிய குறையன்று. 1970 இல் வெளிவந்து இலட்சக்கணக்கில் விற்பனையான எரிக் சீகலின் ‘லவ் ஸ்ரோறி’ என்னும் நாவலில், பேக்கரி நடத்தும் ஒருவரின் மகள், பெருஞ் செல்வர் வீட்டு மகனை மணந்து, இளமையிலேயே குருதிப் புற்றுக்கு இரையாகின்றாள். சிகிச்சைச் செலவுக்காக அவள் கணவன், தான் பகைத்துக்கொண்டு பிரிந்துவந்த தந்தையிடம் சென்று, காரணத்தைக் கூறாமலே 5,000 டொலர் கடன் பெறுகின்றான். நோய்க்கும் பணத்துக்கும் உள்ள உறவு அவ்விடத்தில் ஒரு கணம் தலைகாட்டுகின்றது. ஆயின் அப்பணம் தந்தைக்கும் மகனுக்கும் இடையிலுள்ள பிணக்கைத் தீர்ப்பதற்குரிய உத்தியாகவே ஆசிரியருக்குப் பயன்படுகின்றது. செல்வத் தந்தை வாய்க்காத கணவன் என்ன செய்திருப்பான் என்னும் வினா கதைக்குள் நுழைவதேயில்லை.

அவ்வினாவையே இங்கு எடுத்துக்கொள்ள விரும்புகின்றேன். குருதிப் புற்று எவரைப் பற்றும் என்பதில் செல்வத்துக்கும் வறுமைக்கும் உள்ள பங்கு சிக்கலானது. அறிஞர் பல்லாண்டுகளாக வாதிட்டு வருவது. ஆனாற் பற்றிய பின் எவர் பிழைப்பர் என்பதில் அப்பங்கு மிகத் தெளிவானது. விதியென்று நாம் கூறுவதிற் பெரும்பகுதி வீட்டு வரவுசெலவுக் கணக்கே என்பது என் கருத்து.

இந்நோயின் எழுத்து வரலாறு உழைக்கும் மக்களிடமிருந்தே தொடங்குகின்றது. 1827 இற் பாரிஸ் நகரத்து வைத்தியர் வெல்போ வருணித்த நோயாளி, பூவும் எலுமிச்சம் பானமும் விற்றுப் பிழைத்தவர். 1845 இல் எடின்பரோவிற் பெனற் என்பார் அறுத்துச் சோதித்த உடல், கூரைக்குக் கற்பலகை வேயும் இருபத்தெட்டு வயதுத் தொழிலாளி ஒருவருடையது. அதே ஆண்டிற் பேர்லினில் ருடோல்ப் விர்ச்சோ கண்ட நோயாளி ஒரு சமையற்காரி. இவற்றைக்கொண்டு இது தொழிலாளரின் நோய் என்று எவரும் முடிவு கட்டவில்லை, கட்டவும் கூடாது. அக்காலத்திற் செல்வர் தத்தம் வீட்டுக் கட்டிலிலே இறந்தனர். ஏழைகளே தரும வைத்தியசாலைகளில் இறந்து, இறந்த பின் அறுவை மேசைக்கும் சென்றனர். எவருடைய நோய் ஏட்டில் ஏறும் என்பதைச் சமூக நிலையே தீர்மானித்தது. இதனை வாசகர் நினைவில் இருத்துதல் வேண்டும். பிற்காலத்தில் இந்நிலை தலைகீழாகின்றது.

விர்ச்சோவுக்கு அப்பொழுது வயது இருபத்து நான்கு. வெண்குருதி எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களைக் கூட்டி, ‘லியுக்கீமியா’ என்னும் பெயரை 1847 இல் இந்நோய்க்குச் சூட்டியவர் அவரே. மறு ஆண்டின் தொடக்கத்திற் பிரசிய அரசு அவரை மேல் சைலீசியா மாகாணத்துக்கு அனுப்பிற்று. அங்கே தைபசுக் காய்ச்சல் பரவி மக்கள் மாண்டுகொண்டிருந்தனர். மருந்துகளின் பட்டியலொன்றை அரசு எதிர்பார்த்திருக்கும். அவர் திரும்பி வந்து கொடுத்ததோ அரசியல் அறிக்கை. அம்மக்களுக்கு வேண்டியவை கல்வியும் சுதந்திரமும் மக்களாட்சியும் நல்வாழ்வும் என்றும், வரிச்சுமை ஏழைகளின் முதுகிலிருந்து இறக்கப்படல் வேண்டும் என்றும் அதில் எழுதினார். அவ்வாண்டு மார்ச்சில் பேர்லின் வீதிகளிற் புரட்சியாளர் அமைத்த தடைவேலிகளுக்குப் பின்னே அவரும் நின்றார். அடுத்த ஆண்டு பதவியையும் இழந்தார். குருதிப் புற்றுக்குப் பெயரிட்டவரும், நோயின் வேர் சமூகத்தில் உண்டு என்று முழங்கியவரும் ஒருவரே என்பது பலர் அறியாத செய்தி. எனினும் அவர் இவ்விரண்டையும் ஒன்றோடொன்று இணைக்கவில்லை. இணைப்பதற்கு அன்று வழியுமில்லை. அந்நோயாற் பீடிக்கப்பட்ட பிள்ளைகள் எல்லோரும் இறந்தனர். எல்லோரும் இறக்கும் நோயிற் சமத்துவம் இருக்கத்தான் செய்யும். மருந்து வந்த பின்னரே வேற்றுமையும் வந்தது.

அதற்கு முன், நோய் எவரைப் பற்றுகின்றது என்பதைச் சிறிது நோக்குவோம். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இங்கிலாந்தின் மரணப் பதிவுகளைத் தொழில் வாரியாக வகுத்து ஆராய்ந்தோர் எதிர்பாராத ஒன்றைக் கண்டனர். கயரோகமும் நியூமோனியாவும் வறிய வகுப்பினரிடையே மிகுந்திருந்தன. குருதிப் புற்றோ உயர் வகுப்பினரிடையே மிகுதியாகப் பதிவாகியிருந்தது. மேலும், இரண்டு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளிடையே இந்நோய் சட்டென்று உயர்ந்து பின் தாழும் ஒரு சிகரம், இங்கிலாந்தில் 1920களிலும், ஐக்கிய அமெரிக்காவின் வெள்ளையரிடையே 1940களிலும், ஜப்பானில் 1960களிலும் புலப்படலாயிற்று. கைத்தொழிலும் வாழ்க்கை வசதியும் சென்ற வழியே அச்சிகரமும் சென்றது எனலாம்.

இதற்கு இருவகை விளக்கம் கூறுவர். முதலாவது, ஏழைப் பிள்ளைகளுக்கும் இந்நோய் வந்தது, ஆனால் எவரும் அதைக் காணவில்லை என்பது. என்பு மச்சை பழுதுற்று, நோயெதிர்க்கும் வெண்குருதிக் கலங்கள் தம் தொழிலை இழந்துவிட்டால், முதலில் வருவது தொற்றுநோய். குருதிப் புற்று இனங்காணப்படுமுன்னரே நியூமோனியா பிள்ளையைக் கொண்டுபோய்விடும். மரணச் சான்றிதழில் நியூமோனியா என்றே எழுதப்படும். ஒக்ஸ்போட்டில் ஆய்வு செய்த அலிஸ் ஸ்ருவேட் அம்மையார் 1960களில் இக்கருத்தை வலியுறுத்தினார். நுண்ணுயிர்கொல்லி மருந்துகள் வந்து தொற்று நோயிலிருந்து பிள்ளை தப்பிய பின்னரே, உள்ளே ஒளிந்திருந்த புற்று வெளிப்பட்டது என்பது அவர் வாதம். குருதியை எடுத்து நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்க்கும் வசதியும், ‘இது வெறுங் காய்ச்சல் அன்று’ என ஐயுறும் வைத்தியரும், இரண்டாம் முறையும் பிள்ளையைத் தூக்கிச் செல்லும் ஓய்வுள்ள தாயும் ஒருங்கே வாய்த்தால் அல்லது இந்நோய் இனங்காணப்படுவதில்லை. மலேரியா நிலவும் ஆபிரிக்கக் கிராமத்தில், வெளிறிய முகமும் காய்ச்சலும் வீங்கிய மண்ணீரலும் கொண்ட பிள்ளையைக் கண்டால் எவரும் முதலில் மலேரியா என்றே கொள்வர். அப்பிள்ளை இறந்தபின் குருதிப் புற்றுக் கணக்கில் ஒன்று குறைகின்றது. அந்நாட்டில் நோய் அரிது என்று எங்கோ ஓர் அட்டவணை கூறுகின்றது. பிரித்தானியாவுக்குள்ளேயே வறிய சமூகங்களிற் பிள்ளைகளின் குருதிப் புற்று இனங்காணப்படாது போயிருத்தல் வேண்டும் என்பதற்கான சான்றுகளை ஒக்ஸ்போட் ஆய்வாளர் 2012 இல் வெளியிட்டனர். அன்று ஏட்டில் ஏறாதவர் செல்வர். பின்னர் ஏறாதவர் ஏழையர்.

இரண்டாவது விளக்கம் உண்மையாகவே வேறுபாடு உண்டு என்பது. பிரித்தானிய விஞ்ஞானி மெல் கிறீவ்ஸ் 1988 இல் முன்வைத்த கொள்கை இது. பிள்ளைகளிடம் மிகுதியாகக் காணப்படும் நிணநீர்க்கலக் குருதிப் புற்றுக்கு இரண்டு அடிகள் வேண்டும். முதலாவது அடி தாயின் கருப்பையிலேயே சில பிள்ளைகளின் குருதிக் கலத்தில் விழுந்துவிடுகின்றது. அவர்களுட் பெரும்பாலோருக்கு நோய் வருவதில்லை. வயது ஒன்றுக்குள் பல பிள்ளைகளோடு கலந்து சாதாரணத் தொற்றுகளுக்கு ஆளாகாது, துப்புரவான வீட்டிற் தனித்து வளர்ந்த பிள்ளைக்குப் பின்னர் ஒரு தொற்று ஏற்படும்போது, பயிற்சியற்ற நோயெதிர்ப்பு நெறிதவறி, இரண்டாவது அடிக்கு வழிசெய்கின்றது என்பர். குழந்தைப் பராமரிப்பு நிலையங்களுக்குச் சிறு வயதிற் சென்ற பிள்ளைகளிடையே இந்நோய் குறைவு என 2005 இற் பிரித்தானியாவில் வெளியான பேராய்வொன்று கண்டது இதனோடு பொருந்துகின்றது. ஸ்கொத்லாந்தின் நாட்டுப்புறத்தில் உருவாகிய கிளென்றொதஸ் என்னும் புதிய நகரில் நோய் மிகுந்திருந்ததை 1988 இல் எடுத்துக்காட்டிய லியோ கின்லன், வேற்றூர் மக்கள் திடீரென வந்து கலப்பதால் ஏற்படும் தொற்றே காரணம் என்று சற்று வேறு வகையாக விளக்கினார்.

இங்கு ஓர் எச்சரிக்கை கூற வேண்டியவனாகின்றேன். இக்கொள்கையைக் கேள்வியுற்றவர் சிலர், ஏழையின் முற்றத்துப் புழுதியே பிள்ளைக்குக் கவசம் என்று கவிதை பேசத் தொடங்கிவிடுவர். அதே முற்றத்திலிருந்துதான் வயிற்றோட்டமும் வந்து, குருதிப் புற்றினும் எத்தனையோ மடங்கு பிள்ளைகளைக் கொல்கின்றது. வறுமையில் நன்மை தேடுவது வறுமையை அறியாதோரின் பொழுதுபோக்கு.

நிற்க. பிழைப்போர் எவர் என்னும் வினாவுக்கு வருவோம். 1948 இற் பொஸ்டன் நகரச் சிறுவர் வைத்தியசாலையைச் சேர்ந்த சிட்னி பார்பர், அமினொப்ரெறின் என்னும் மருந்தைப் பதினாறு பிள்ளைகளுக்குக் கொடுத்ததில், பத்துப் பேரிடம் நோய் தற்காலிகமாகத் தணிந்ததாக அறிவித்தார். மனித வரலாற்றில் இந்நோய் மருந்துக்கு முதன்முதலாகப் பணிந்தது அப்போதுதான். அம்மருந்தை உருவாக்கிய ஆய்வுக்கூடத்தின் தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ் நம் அயலவர். ஆந்திரத்துப் பீமாவரத்திற் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்று, அமெரிக்கா சென்று, பொஸ்டன் வைத்தியசாலை ஒன்றில் இரவு வேலையாளாக ஊழியம் பார்த்துப் படித்தவர். 1948 ஆகஸ்டில், தம் மருந்தின் முழுப் பயனையும் காணாமலே மறைந்தார். பார்பரின் பெயரை அறிந்தவருட் பத்தில் ஒருவராவது இவர் பெயரை அறிவாரோ என்பது ஐயமே.

பார்பரின் பிள்ளைகளும் இறுதியில் இறந்தனர். நிரந்தரக் குணம் என்பது வேறோர் ஊரில் வந்தது. அமெரிக்காவின் தென்மாநிலமான ரெனசியில், மெம்பிஸ் நகரில், 1962 இல் திறக்கப்பட்டது சென் யூட் சிறுவர் வைத்தியசாலை. லெபனானிலிருந்து குடியேறியவர்களின் மகனான டானி தோமஸ் என்னும் நகைச்சுவை நடிகர் பணம் திரட்டிக் கட்டியது. நிறவெறி தலைவிரித்தாடிய அந்நகரிற் கறுப்புப் பிள்ளையும் வெள்ளைப் பிள்ளையும் அங்கே ஒரே விடுதியிற் படுத்தனர். எந்தப் பெற்றோருக்கும் கட்டணச் சீட்டு அனுப்பப்படவில்லை. அதன் முதற் பணிப்பாளர் டொனல்ட் பிங்கல், பல மருந்துகளைச் சேர்த்து, மூளையையும் பாதுகாத்து, இரண்டு மூன்று ஆண்டுகள் இடைவிடாது தொடரும் சிகிச்சை முறையை வகுத்தார். 1960களின் பிற்பகுதியில் அம்முறையிற் சிகிச்சை பெற்ற பிள்ளைகளுள் ஏறக்குறைய அரைவாசிப்பேர் குணமடைந்தனர். அந்த அரைவாசி முதன்முதலிற் கிடைத்த இடம், பெற்றோரிடம் பணம் கேளாத வைத்தியசாலையாக இருந்ததைத் தற்செயல் என நான் கருதவில்லை. மூன்று ஆண்டு தொடர வேண்டிய சிகிச்சையை, முதல் மூன்று மாதத்தில் வீட்டை விற்றுவிட்ட தந்தை எவ்வாறு தொடர்வார்?

இன்று வசதிமிக்க நாடுகளில் இவ்வகை நோயுற்ற பிள்ளைகளுட் பத்தில் ஒன்பது பேர் அளவிற் பிழைக்கின்றனர். பிள்ளைகளுக்கு வரும் புற்றுநோய் அனைத்தையும் சேர்த்து நோக்கினால், செல்வ நாடுகளிற் பிழைப்போர் 80 வீதத்துக்கு மேல், வறிய நாடுகள் பலவற்றில் 30 வீதத்துக்குக் கீழ் என்று உலக சுகாதார நிறுவனம் 2018 இல் தன் திட்டத்தைத் தொடங்கியபோது கூறிற்று. நாட்டுக்கு நாடுள்ள இவ்வேற்றுமை எவர்க்கும் எளிதில் விளங்கும்: அங்கே மருந்து உண்டு, இங்கே இல்லை. எனக்கு இதனினும் அதிகமாகச் சிந்தனையைத் தூண்டுவது, ஒரே நாட்டில், ஒரே வைத்தியசாலையில், ஒரே மருந்தை ஒரே அளவிற் பெற்ற பிள்ளைகளிடையே காணப்படும் வேற்றுமை.

பார்பர் பணிபுரிந்த அதே பொஸ்டனை மையமாகக் கொண்ட மருத்துவக் கூட்டமைப்பில், 2000 முதல் 2010 வரை சிகிச்சை பெற்ற 575 பிள்ளைகளின் பதிவுகளை, அவர்கள் வாழ்ந்த பகுதிகளின் வறுமை நிலையோடு ஒப்பிட்டு, கீரா போனாவும் அவர்தம் குழுவினரும் 2016 இல் ஆய்வொன்றை வெளியிட்டனர். ஐந்தாண்டு உயிர்வாழ்ந்தோர் வறுமை மிக்க பகுதிகளில் 85 வீதம், ஏனைய பகுதிகளில் 92 வீதம். நோய் திரும்பி வந்த பிள்ளைகளை மட்டும் தனியே நோக்கினால் வேற்றுமை திகைக்கச் செய்கின்றது: வறிய பகுதியினருள் 92 வீதத்தினருக்கு அது மூன்றாண்டுக்குள்ளேயே திரும்பிற்று, மற்றவருள் 48 வீதத்தினருக்கே அவ்வாறு. விரைவில் திரும்பும் நோயை மீண்டும் அடக்குதல் அரிதென்பது வைத்தியர் அறிந்தது.

அமெரிக்கா பணங்கொடுத்து வைத்தியம் பெறும் நாடு. அதனால் அப்படி என்று சொல்லத் தோன்றும். ஆயின் 1948 முதல் இலவச வைத்திய சேவை நடைபெறும் பிரித்தானியாவிலும் அதுவே கதை. யோர்க் பல்கலைக்கழக ஆய்வாளர் 2012 இல் வெளியிட்ட முடிவின்படி, 1990களில் நோயுற்ற பிள்ளைகளுள் வறிய பகுதியினரும் உடலுழைப்புத் தொழிலாளரின் மக்களும் மற்றவரினும் குறைவாகவே பிழைத்தனர். இதனினும் கவனிக்கத் தக்கது, வேற்றுமை தோன்றிய காலம். முதல் ஆறு மாதத்தில் அஃது இல்லை. வைத்தியசாலைக் கட்டிலில் ஏழையும் செல்வனும் சமம். ஆறாம், ஒன்பதாம் மாதமளவில் இரு கோடுகளும் பிரியத் தொடங்குகின்றன. அப்போதுதான் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பி, மாத்திரையைத் தாயின் கையிற் கொடுக்கின்றனர்.

அம்மாத்திரை மேர்கப்ரோபியூரின். 1950களின் தொடக்கத்தில் இதனை உருவாக்கியவர்களுள் ஒருவர் கேற்றூட் எலியன் அம்மையார். 1988 இல் நோபல் பரிசு பெற்றவர். 1929 இன் பங்குச் சந்தை வீழ்ச்சியில் அவர் தந்தை பொருளிழந்தார். நியூயோர்க்கின் ஹன்ரர் கல்லூரி கட்டணமின்றிக் கற்பித்ததனாலேயே மகள் பட்டம் பெற முடிந்தது. இலவசக் கல்வியால் யாது பயன் என்று கேட்போர் நம்மிடையே இன்றும் உளர். அவர்களுக்கு இம்மாத்திரையைக் காட்டலாம்.

இதனை நாள் தவறாது ஈராண்டுக்கு மேல் விழுங்க வேண்டும். புட்டியின் மூடியிலேயே திறக்கும் நேரத்தைப் பதியும் கருவியைப் பொருத்தி, அமெரிக்காவில் சிமிதா பாட்டியா என்னும் வைத்தியர் நடத்திய ஆய்வுகள், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து நாளுக்குக் குறைவாக மருந்துண்ட பிள்ளைகளுக்கு நோய் திரும்பும் ஆபத்து இருமடங்குக்கு மேல் எனக் காட்டின. மாதத்தில் இரண்டு நாள் தவறினாற் போதும். தாய் தனியே குடும்பம் நடத்தும் வீடுகளில் மருந்து தவறுவது அதிகம் என்பதும் அவற்றிற் தெரிந்தது.

இதைப் படித்தவுடன் ‘பெற்றோரின் கவலையீனம்’ என்று தீர்ப்புக் கூறுவது எளிது. படித்தவர் நடுவே இத்தீர்ப்பை நான் பலமுறை கேட்டிருக்கின்றேன். ஒவ்வொரு முறையும் அது என்னைச் சினங்கொள்ளச் செய்தது. இரவு வேலைக்குச் செல்லும் தாய் மாலை மருந்தை எவரிடம் ஒப்படைப்பாள்? மருந்துப் புட்டியின் மேலுள்ள சிறிய எழுத்தை வாசிக்க எழுத்தறிவு வேண்டும். ஒவ்வொரு குருதிச் சோதனையின் பின்னும் மாத்திரையின் அளவு மாறும். அரை மாத்திரை, ஒன்றரை மாத்திரை என்று கிழமைக்குக் கிழமை கணக்கு வைக்க வேண்டும். மற்றைப் பிள்ளைகளைப் பார்க்க ஒருவர் வேண்டும். இக்காலத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் விடியும்வரை காத்திருத்தலாகாது. வைத்தியசாலைக்கு உடனே கொண்டுசெல்ல வாகனம் வேண்டும். வசதியுள்ள வீட்டில் இவை யாவும் கண்ணுக்குத் தெரியாமலே நடந்துவிடுகின்றன. ஆகையால் அவ்வீட்டார் தம் கவனத்தாலேயே பிள்ளை பிழைத்ததாக நம்புகின்றனர்.

வைத்தியர்களின் ஏடுகளில் ஒரு சொல் வழங்குகின்றது. நான்கு கிழமைக்கு மேல் தொடர்ந்து சிகிச்சைக்கு வராதவரைச் ‘சிகிச்சையைக் கைவிட்டோர்’ என்று குறிப்பர். இலக்கணம் கற்பிப்போர் இத்தொடரின் எழுவாயைச் சற்றே நோக்குதல் வேண்டும். கைவிட்டவர் நோயாளி, செயப்படுபொருள் சிகிச்சை. கூலி நாளொன்றை இழந்து, இரண்டு பஸ் ஏறி வந்து, மருந்து இல்லையென்று திரும்பிய தந்தை நான்காம் முறை வராது நின்றால், கைவிட்டவர் அவர்தாமோ? மேலும் ஒன்று: பழைய ஆய்வுகள் பலவற்றில் இவ்வாறு நின்றவர்களைக் கணக்கிலிருந்தே நீக்கிவிட்டு, எஞ்சியோருட் பிழைத்தவர் இத்தனை வீதம் என்று எழுதினர். நோயுற்றதும் பதிவாகாது, இறந்ததும் பதிவாகாது, ஏழைப் பிள்ளை இரு தரம் மறைந்தது.

இத்தொடரைப் பொருளற்றதாக்கிக் காட்டிய ஊர் ஒன்று உண்டு. பிறேசில் நாட்டின் வடகிழக்கே, வறுமை மலிந்த பகுதியில் உள்ளது ரெசிபே நகரம். 1980களில் அங்கே ஒரு தரும வைத்தியசாலையிற் சேர்ந்த குருதிப் புற்றுப் பிள்ளைகளுள் ஐந்தாண்டு நோய் திரும்பாது வாழ்ந்தோர் 32 வீதம். இடையில் நின்றோர் 16 வீதம். மெம்பிஸ் வைத்தியசாலையோடு கைகோத்து அவர்கள் செய்தவை யாவை? சிறுவர் புற்றுநோய்க்கெனத் தனிப் பிரிவு அமைத்தனர், தாதியரைப் பயிற்றினர், வகுத்த முறைப்படி சிகிச்சை செய்தனர். இவை எவரும் எதிர்பார்ப்பவை. இவற்றோடு தூரத்துக் குடும்பங்கள் தங்க ஒரு வீடு, பயணத்துக்கு உதவி, உணவு, வராதவரைத் தேடிச் செல்லும் சமூக சேவையாளர் என்பனவற்றையும் சேர்த்தனர். 1997 முதல் 2002 வரையான காலத்தில் நோய் திரும்பாது வாழ்ந்தோர் 63 வீதமாயினர். இடையில் நின்றோர் அரை வீதம். அதாவது இருநூறு பேரில் ஒருவர். அப்பிள்ளைகளின் பெற்றோர் முன்னையவரினும் அன்பு மிக்கவராகத் திடீரெனப் பிறந்துவிடவில்லை.

வயதுவந்தோரிடம் காணப்படும் நாட்பட்ட குருதிப் புற்றின் கதை வேறு. அங்கே தடையாக நின்றது மருந்தின் விலையே. 2001 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இமற்றினிப் என்னும் மாத்திரை, சில ஆண்டுகளிற் கொன்றுவந்த நோயை, நாள்தோறும் மாத்திரையுண்டு வாழத்தக்க நோயாக மாற்றிற்று. ஓராண்டு மருந்தின் விலை அங்கே முதலில் 30,000 டொலருக்குக் குறைவு. 2012 இல் 90,000 டொலருக்கு மேல். செலவு குறைந்திருக்க வேண்டிய பழைய மருந்தின் விலை மும்மடங்காயிற்று. உலகெங்குமுள்ள நூற்றுக்கு மேற்பட்ட நிபுணர்கள் 2013 இற் கூட்டாக எழுதிக் கண்டித்தனர். அதே ஆண்டு ஏப்பிரல் முதலாந் திகதி, நோவார்ட்டிஸ் கம்பனியின் காப்புரிமைக் கோரிக்கையை இந்திய உச்ச நீதிமன்றம் நிராகரித்தது. அவ்வழக்கு, 2006 இற் சென்னைக் காப்புரிமை அலுவலகம் கூறிய மறுப்பிலிருந்து தொடங்கியது. இந்தியக் கம்பனிகள் செய்யும் மலிவான மாத்திரை அதனால் நிலைபெற்றது.

நம் நாட்டில் வைத்தியம் இலவசம், அது பெருமைக்குரியது. ஆனால் யோர்க் ஆய்வு கூறுவதை நாம் மறத்தல் ஆகாது: இலவச வைத்தியம் வைத்தியசாலை வாயிலோடு முடிகின்றது. வடக்கிலுள்ள புற்றுநோயாளர் நெடுங்காலம் மகரகமவுக்குச் சென்றுவந்தனர். 2011 இல் தெய்வேந்திர முனையிலிருந்து பருத்தித்துறை வரை, இளைஞரும் முதியோருமாகப் பலர் ஏறக்குறைய 670 கிலோமீற்றர் நடந்து பணம் திரட்டித் தெல்லிப்பழையிற் புற்றுநோய் வைத்தியசாலை எழ உதவினர். அந்நடையிற் கட்டடத்துக்குப் பணம் சேர்ந்தது ஒருபுறமிருக்க, நாட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குள்ள தூரம் எவ்வளவு என்பதைக் காலால் அளந்து காட்டியதையே நான் பெரிதாக மதிக்கின்றேன். நோயாளி அதே தூரத்தை மாதந்தோறும் அளந்துவந்தார். அவருக்கு மாலையிட எவரும் வீதியில் நிற்கவில்லை.

வறிய நாட்டுக்கு இவையெல்லாம் கட்டுப்படியாகுமா என்று கேட்பர். மேர்கப்ரோபியூரின் எழுபது ஆண்டு கடந்த மருந்து. காப்புரிமை எவரிடமும் இல்லை. தாய்க்கு ஒரு தங்குமிடம், பஸ் கட்டணம், மாதமொரு உலர் உணவுப் பொதி, வராத பிள்ளையைத் தேடி மூன்றாம் நாள் வீட்டுக்குச் செல்லும் ஒருவருக்குச் சம்பளம் - இவற்றின் விலை, புதிதாக இறக்கும் ஓர் இயந்திரத்தின் விலைக்கு அருகிலும் வாராது. எனினும் இயந்திரத்துக்குத் திறப்பு விழா உண்டு. பஸ் கட்டணத்துக்கு இல்லை. புற்றுநோய்ப் பிரிவொன்றுக்குச் செலவு மதிப்பீடு எழுத அமர்வோர், மருந்துப் பட்டியலை எடுக்குமுன் இந்த நான்கையும் தாளின் தலையில் எழுதட்டும்.